சார்லட் விமானத்தில் விழுந்த குண்டுத் துளை: ஒரு நிகழ்வு ஆய்வு

அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருந்து லீவுக்கு வந்திருந்தான். அவனியாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் ஏர்போர்ட்டில் இறங்கும் விமானத்தின் சக்கரம்வரை தெரியும். சென்னையில் இருந்து வந்த ஏடிஆர் ரகச் சின்ன புரொப்பெல்லர் விமானம் ஒன்று தாழ்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சித்தப்பா, பறக்குறப்ப உள்ள ஒருத்தன் துப்பாக்கியால சுட்டுட்டா பிளேன் வெடிச்சிருமா? சினிமாவுல ஒரு ஓட்டை விழுந்தாப் போதும், ஆளையே வெளியே உறிஞ்சிருதே."

"வெடிக்காதுய்யா" என்றேன். இருபது வருசம் விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கட்டைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன் சொன்னால் நம்ப வேண்டாமா? நம்பவில்லை. "நீங்க சுட்டுப் பாத்தீங்களா?" என்றான். நியாயமான கேள்விதான். நான் சுட்டதில்லை. ஆனால் சுட்ட கதை ஒன்று உண்டு, அதுவும் காக்பிட்டுக்குள்ளேயே. அன்று அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நடந்தது என்ன

2008 மார்ச் 22. யூஎஸ் ஏர்வேஸின் 1536ஆம் எண் விமானம், ஏர்பஸ் ஏ319, அமெரிக்காவில் டென்வரில் இருந்து சார்லட் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் 124 பேர், ஊழியர்கள் 5 பேர். சார்லட்டை நெருங்கி, சுமார் 8,000 அடிக்கு இறங்கியிருந்த நேரம். காக்பிட்டுக்குள் ஒரு வெடிச் சத்தம். கேப்டனின் கைத்துப்பாக்கி வெடித்திருந்தது.

விமானி கையில் துப்பாக்கி எப்படி வந்தது? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா 2002இல் ஒரு சட்டம் போட்டது. விருப்பமுள்ள விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து, காக்பிட்டைக் காக்க ஆயுதம் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். இவரும் அப்படிப் பயிற்சி பெற்றவர். துப்பாக்கி ஹெக்லர் அண்ட் காக் கம்பெனியின் யூஎஸ்பி, 40 காலிபர். இறங்கும் நேரம் நெருங்கியதும் அதை எடுத்து வைக்கப் போயிருக்கிறார்.

சிக்கல் உறையில் இருந்தது. காக்பிட்டை விட்டு வெளியே வரும்போது துப்பாக்கி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக உறையிலேயே துளை வைத்து, விசையைச் (டிரிகரை) சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குள் போகிற மாதிரி ஒரு பூட்டு. அதாவது, குண்டு ஏற்றிய துப்பாக்கியின் விசைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கொண்டியை ஒவ்வொரு பயணத்திலும் நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டும். துப்பாக்கி உறைக்குள் முழுசாக இறங்காமல் ஒரு நூல் மேலே நின்றாலும், அந்தக் கொண்டி விசையைத் தடுப்பதற்குப் பதில் அதையே அழுத்திவிடும். எங்கள் தொழிலில் இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் உண்டு, அச்சில் எழுத முடியாது. அந்த விமானியை வேலையில் இருந்து நீக்கினார்கள். பிறகு நடுவர் விசாரணையில் திரும்ப வேலைக்கு எடுக்க உத்தரவானது.

ரவை காக்பிட்டின் இடது பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு, கண்ணாடிக்குக் கீழே வெளித் தகட்டைக் கிழித்துப் போய்விட்டது. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. விமானம் சார்லட்டில் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயமில்லை.

"அவ்வளவுதானா?" என்றான் ஏமாற்றத்தோடு.

கண்மாயும் மடையும்

ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று புரிய, விமானத்தை ஊதிய பலூனாக நினைப்பதை முதலில் விட வேண்டும். அது பலூன் இல்லை, கண்மாய். மாடியில் இருந்து பார்த்தால் அயன்பாப்பாக்குடிக் கண்மாய்ப் பக்கம் தெரியும் என்பதால் அவனுக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

கண்மாய்க்கு ஒரு பக்கம் வரத்துக் கால்வாய். மறுபக்கம் மடை. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மடை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மடையை எவ்வளவு திறக்கிறோம் என்பதை வைத்து நீர்மட்டம் நிற்கும். மழை மிஞ்சினால் தானாக வழிய ஒரு கலுங்கு. விமானமும் அச்சு அசலாக இதுதான். பெரும்பாலான ஜெட்களில் எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரில் இருந்து சூடான காற்றைப் பிரித்தெடுத்து, குளிரவைத்து, கேபினுக்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அது வரத்துக் கால்வாய். வால் பக்கம் அடிவயிற்றில் அவுட்ஃப்ளோ வால்வு என்று ஒரு கதவு இருக்கும். அதுதான் மடை. கம்ப்யூட்டர் அதைக் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடி உள்ளே அழுத்தத்தை வைத்திருக்கும். மிஞ்சிப் போனால் திறந்துகொள்ள ரிலீஃப் வால்வு, கலுங்கு மாதிரி.

ஆக, விமானத்தில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்துத்தான் விமானமே பறக்கிறது. போதாததற்குக் கதவு ரப்பர், ஒயர் நுழையும் இடம், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசை என்று பழைய விமானம் எல்லாப் பக்கமும் கசியும். நாங்கள் தரையில் பிரஷர் டெஸ்ட் செய்யும்போது உள்ளே காற்றை நிரப்பிவிட்டு, வெளியே கதவு ஓரமாக சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போவோம். சில இடத்தில் நுரை குமிழ் குமிழாக எழும். சில இடத்தில் சோப்பே தேவையில்லை, சீட்டியடிக்கும். கசிகிறதா என்று யாரும் கேட்க மாட்டோம், கசியாத விமானம் கிடையாது. எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது, அது அளவுக்குள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

கொடைக்கானல் பஸ்ஸில் ஒரு பரிசோதனை

அந்த வாரமே குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பெருமாள்மலை வரும்போது தலையணை மாதிரி உப்பிவிட்டது. காது வேறு அடைத்தது. "இதுதான் விமானம்" என்று பாக்கெட்டைக் காட்டினேன்.

விமானத்துக்குள் இருப்பது தரைமட்டக் காற்று இல்லை. 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே சுமார் 8,000 அடி உயரத்துக் காற்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. அதாவது சிங்கப்பூர் போகும்போது நாலு மணி நேரம் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். டயருக்குக் காற்றடிக்கும் பவுண்டுக் கணக்கில் சொன்னால், கடல் மட்டத்தில் 14.7 பவுண்டு, 8,000 அடியில் 10.9, 35,000 அடியில் 3.5. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஏழரை பவுண்டு. கார் டயரில் 30 பவுண்டுக்கு மேல் அடிக்கிறோம். விமானத்துக்குள் அடைத்திருப்பது அதில் கால்வாசி.

தங்கச்சி புடவையில் இருந்து ஓர் ஊக்கைக் கழற்றித் தரச்சொல்லி, உப்பிய பாக்கெட்டை அவனையே குத்தச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினான். 'புஸ்' என்று ஒரு சின்னப் பெருமூச்சு. அவ்வளவுதான். பாக்கெட் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பையாகிக்கொண்டு வந்தது. மேலே ஏரிக்கரையில் பலூன் வாங்கி அதே ஊக்கால் குத்தியபோது 'டப்'பென்று வெடித்து, பக்கத்தில் சோளம் தின்றுகொண்டிருந்த குதிரைக்காரர் எங்களை முறைத்தார்.

ஏன் இந்த வித்தியாசம்? பலூனின் ரப்பர் பல மடங்கு இழுபட்டு, கிழியக் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கீறல் விழுந்தால் இழுவிசையே அதைக் கிழித்துக்கொண்டு ஓடும். பாக்கெட் அப்படி இழுபடவில்லை. விமானத்தின் அலுமினியத் தகடு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் மேலே பறக்கும்போது அதன் மேல் வரும் இழுவிசை, அந்த உலோகம் தாங்கக்கூடியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதோடு சுமார் அரை மீட்டருக்கு ஒரு வளையச் சட்டம், நீளவாக்கில் நெருக்கமான பட்டைகள், பல விமானங்களில் கிழிசலைத் தடுக்கவே ஒட்டிய கூடுதல் தகட்டுப் பட்டைகள். விரிசல் ஓடினாலும் ஒரு கட்டத்துக்குள் முட்டி நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ரவை துளைத்த இடத்தில் தகடு வெளிப்பக்கமாகப் பூவிதழ் விரிந்த மாதிரி பிளந்திருக்கும். எந்தப் பக்கம் இதழ் விரிந்திருக்கிறது என்று பார்த்தே சுட்டது உள்ளிருந்தா வெளியிருந்தா என்று சொல்லிவிடலாம்.

சரி, 35,000 அடியில் என்றால்?

சார்லட் நிகழ்வை மட்டும் வைத்துக்கொண்டு "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்று சொல்வது ஏமாற்று வேலை. அது 8,000 அடியில் நடந்தது. இறங்கும்போது உள்ளே அழுத்தத்தைத் தரைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டே வருவார்கள், வெளிக்காற்றும் அடர்த்தியாகிவிடும். அப்போது வித்தியாசம், உச்சியில் இருப்பதில் பாதிகூட இருந்திருக்காது. உச்சியில் சுட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குதான் போட வேண்டும். பெரிய கணக்கில்லை.

9 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு துளை என்று வைப்போம். 35,000 அடியில் அந்தத் துளை வழியாகக் காற்று ஒலியின் வேகத்தில் பீறிடும். அதற்கு மேல் வேகமெடுக்காது, துளையே அணை போட்டுவிடும். பௌதிகச் சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 0.6 கிலோ காற்று வெளியே போகிறது. இனி உள்ளே வருவதைப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 0.55 பவுண்டு, அதாவது கால் கிலோ புதுக் காற்று தரும்படி விமானத்தை வடிவமைக்க வேண்டும். 180 பேர் கொண்ட விமானத்தில் நிமிடத்துக்கு 45 கிலோ. அதில் 0.6 கிலோ என்பது இரண்டு மூன்று பேர் கூடுதலாக ஏறிக்கொண்ட மாதிரி. கம்ப்யூட்டர் மடையை ஒரு மயிரிழை மூடும், கதை முடிந்தது. ரவை சாய்ந்து விழுந்து துளையை நீளமாகக் கிழித்திருந்தால் இரண்டு மூன்று மடங்கு என்று போடுங்கள். அப்போதும் மடைக்குப் பெரிய வேலையில்லை.

ஆளை உறிஞ்சுமா? அந்த 9 மில்லிமீட்டர் துளையின் மேல் விரலை வைத்தால் இழுக்கிற விசை சுமார் 330 கிராம். அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டைத் தூக்குகிற கனம்கூட இல்லை. சீட்டியடிக்கும், சில்லென்று இருக்கும், ஒரு புத்தகத்தை வைத்து மூடினால் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஜன்னல் முழுசாகப் போனால் கதை வேறு. 25க்கு 35 சென்டிமீட்டர் ஜன்னல் என்று வைத்தால் அதன் மேல் விசை சுமார் 460 கிலோ. இரண்டு புல்லட் பைக்கைக் கண்ணாடி மேல் ஏற்றி, மேலே ஓர் ஆளையும் உட்கார வைத்த கனம். 1973 நவம்பர் 3 அன்று நேஷனல் ஏர்லைன்ஸ் டிசி-10 ஒன்றில் எஞ்சின் சிதறி ஜன்னல் உடைந்து, பக்கத்தில் இருந்த பயணி வெளியே போய்விட்டார். 2018 ஏப்ரல் 17இல் சவுத்வெஸ்ட் 1380லும் எஞ்சினின் விசிறித் தகடு முறிந்து ஜன்னல் உடைந்தது. பாதி வெளியே இழுக்கப்பட்ட பெண்ணைச் சக பயணிகள் உள்ளே இழுத்தும் பிழைக்கவில்லை. சினிமாக்காரர்கள் இந்தக் காட்சியை எடுத்துக் குண்டுத் துளையில் ஒட்டவைத்துவிட்டார்கள். ஜன்னலில் குண்டு பட்டாலும் கண்ணாடி மாதிரி பொடிப்பொடியாகாது. அது அக்ரிலிக், சுமை தாங்கக்கூடிய பலகை இரண்டு. வெளிப்பலகை போனால் இரண்டாவது தாங்க வேண்டும். கையில் படுகிற மூன்றாவது பலகை நம் கீறலில் இருந்து அந்த இரண்டையும் காப்பாற்றத்தான். ஒரே ரவை இரண்டையும் துளைத்தாலும், துளைதான் விழும் வாய்ப்பு அதிகம். முழு ஜன்னலும் பறப்பது அபூர்வம்.

துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே பறந்தவர்களுக்கும் இந்தக் கவலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானம் பிரஷர் கேபினோடு வந்தது. அதன் கன்னர்கள் உட்கார்ந்த இடம் பெரிய கண்ணாடிக் குமிழ். 1945 ஜனவரி 3, ஜப்பானில் நகோயாவுக்கு மேலே ஒரு குமிழ் பிய்த்துக்கொண்டு போக, கன்னர் வாரில் தொங்கியபடி வெளியே கிடந்தார். கூட இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள், பிழைத்தார். அங்கேயும் ஆளை வெளியே தள்ளியது குமிழ் அளவு ஓட்டை.

ரவை எங்கே போய்த் தைக்கிறது

விமானத்தைத் துப்பாக்கி ரவை தாக்கிய உண்மை நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விசயம் பளிச்சென்று தெரியும். 2014 ஜூன் 24, ரியாத்தில் இருந்து வந்த பாகிஸ்தான் ஏர்லைன்ஸ் ஏ310 பெஷாவரில் இறங்கும்போது கீழிருந்து சுட்டார்கள். பயணி ஒரு பெண் இறந்தார், ஊழியர் இருவருக்குக் காயம். 2022 செப்டம்பர் 30, மியான்மரில் லொய்க்காவ் ஊரை நெருங்கிய விமானத்தில், சுமார் 3,500 அடியில், ரவை அடித்தகட்டைத் துளைத்து வந்து ஒரு பயணியைக் காயப்படுத்தியது. அந்த விமானம் நம் தலைக்கு மேலே போகிற அதே ஏடிஆர் 72 ரகம். அதே ஆண்டு நவம்பர் 10இல் பெய்ரூட்டில் இறங்கிய விமானத்தின் கூரையில் ரவை பாய்ந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை. 2024 நவம்பர் 11இல் ஹைத்தியின் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்கப் போன ஸ்பிரிட் விமானத்தில் ஒரு பணிப்பெண்ணுக்கு லேசான காயம், விமானம் பக்கத்து நாட்டுக்குத் திரும்பியது.

எல்லாமே இறங்குகிற நேரம். காரணம் எளிது. தரையில் இருந்து சுடுகிற ரைஃபிள் ரவை செங்குத்தாக இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானம் அதற்கு எட்டாது. எட்டுகிற உயரத்தில் அழுத்த வித்தியாசமே சொற்பம். ஆக, தரையில் இருந்து சுடப்படும் விமானத்துக்குப் பிரஷர் போகிற பயம் அநேகமாக இல்லை. பெஷாவரில் அந்த அம்மாளைக் கொன்றது ஓட்டை இல்லை, ரவை.

உள்ளிருந்து சுட்டாலும் இதேதான். 1987 டிசம்பர் 7இல் கலிஃபோர்னியாவில் பிஎஸ்ஏ 1771 விமானம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். வேலையில் இருந்து நீக்கப்பட்ட ஒருவன் ரிவால்வரோடு ஏறி, காக்பிட்டுக்குள் போய்ச் சுட்டான். ஓட்ட ஆளில்லாமல் விமானம் விழுந்தது. ரவைக்கு முன்னால் விமானி இருந்தால் அது ஒரு கதை, விமானத்தைத் திருப்பும் பாகங்களை அசைக்கிற ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் இருந்தால் ஒரு கதை, ஒயர்க் கட்டு இருந்தால் தீப்பிடிக்கிற கதை. ஏ319 சேர்ந்த ஏ320 வகையில் ஹைட்ராலிக்கை மூன்று தனித் தொகுதிகளாகப் பிரித்திருப்பதற்குக் காரணமே, ஒன்று போனால் மற்றது இருக்கட்டும் என்பதுதான். சார்லட்டில் ரவை போன வழியில் இதில் ஒன்றும் குறுக்கே வரவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப பிரஷர் போறதால யாரும் சாகறதே இல்லையா?"

செத்திருக்கிறார்கள், ஓட்டையே இல்லாமல். 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸில் இருந்து கிளம்பிய ஹீலியோஸ் 522. முந்தின இரவுப் பயணத்தில் பின் கதவில் சத்தம் என்று புகார். காலையில் மெக்கானிக் கசிவு சோதனை செய்தார். கதவில் கோளாறு இல்லை. ஆனால் சோதனைக்காக மேனுவலுக்குத் திருப்பிய கேபின் அழுத்தச் சுவிட்ச் ஆட்டோவுக்குத் திரும்பவில்லை. விமானிகளும் கவனிக்கவில்லை. மடை திறந்தபடியே விமானம் ஏறியது. எச்சரிக்கை ஒலித்தபோது அதை வேறொரு எச்சரிக்கை என்று நினைத்தார்கள், இரண்டுக்கும் ஒரே ஒலி. கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் நினைவு மங்கியது. 35,000 அடியில் ஒருவருக்குத் தெளிவாக யோசிக்கக் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். ஆட்டோபைலட் ஏதென்ஸ்வரை கொண்டுபோய் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்து மலையில் மோதியது. 121 பேர். நம் ஊரிலும் 2018 செப்டம்பரில் மும்பையில் இருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய 737 ஒன்றில் காற்று விடும் சுவிட்சைப் போட மறந்து, முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் பிரச்சினை. நல்ல வேளை, உடனே திரும்பிவிட்டார்கள்.

ஹீலியோஸ் கதையைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் அந்த மெக்கானிக் ஞாபகம்தான் வரும். சுவிட்சைத் திருப்பி வைத்தோமா என்று நடுராத்திரியில் எழுந்து யோசித்த நாட்கள் எனக்கும் உண்டு.

கரை எப்போது உடையும்

கண்மாய்க் கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் ஊரே பதறும். மண்கரையில் தண்ணீர் அரித்து அரித்து வளை பெரிதாகும். அலுமினியத்தைக் காற்று அரிக்காது என்பதால் குண்டுத் துளைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கரை நெடுக நூறு வளை வரிசையாக இருந்தால்? 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா 243 விமானத்துக்கு நடந்தது அதுதான். 19 வயது 737. உப்புக் காற்றில், தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் உடல் உப்பிச் சுருங்கும். தகடுகள் சேரும் இடத்தில் பசை விட்டு, ரிவெட்டுக்கு ரிவெட் கண்ணுக்குத் தெரியாத விரிசல். 24,000 அடியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, 18 அடி நீளக் கூரை பிய்ந்து போனது. தடுப்புப் பட்டைகள் ஒரு விரிசலை நிறுத்தத்தான், ஒரே நேரத்தில் நூறை இல்லை. பணிப்பெண் ஒருவர் காற்றோடு போனார். மற்ற 94 பேரோடு விமானம் திறந்த ஜீப் மாதிரி மாவி தீவில் இறங்கியது. ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் ஒரு விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

குண்டுத் துளையில் எனக்கு உண்மையில் பயம் எங்கே என்று கேட்டால், அதை அடைக்கும் இடத்தில்தான். துளையின் பிசிறை வெட்டி ஒழுங்காக்கி, ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, மேலே டப்ளர் என்ற ஒட்டுத் தகடு வைத்து, புத்தகத்தில் சொன்ன வரிசையில் ரிவெட் அடிக்க வேண்டும். வரிசை ஒன்று குறைந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் 1978இல் ஒசாகாவில் வால் தட்டி அடிபட்டது. பின்பக்க அழுத்தச் சுவரைப் பழுது பார்த்தபோது, இரண்டு வரிசை ரிவெட் சுமக்க வேண்டிய சுமை ஒரே வரிசையில் விழுகிற மாதிரி தகடு வைத்துவிட்டார்கள். ஏழு வருசம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12இல் சுவர் கிழிந்து, வாலையும் ஹைட்ராலிக்கையும் கொண்டுபோனது. 520 பேர். சைனா ஏர்லைன்ஸ் 611இல் இதே மாதிரி 1980இல் போட்ட ஒட்டு 22 வருசம் தாங்கி, 2002 மே 25இல் கடலுக்கு மேல் விட்டுக்கொடுத்தது. 225 பேர்.

குண்டு பட்ட விமானத்தை அடுத்த நாளே பறக்கவிடு என்று மேலே இருந்து அவசரப்படுத்தும்போது, கீழே ரிவெட் கன்னோடு நிற்பவன் முடியாது என்று சொல்வானா என்பதுதான் என் கேள்வி. எல்லா இடத்திலும் சொல்வார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவன் கடைசியாகக் கேட்டது முகமூடி பற்றி. கேபினுக்குள் காற்று 14,000 அடி அளவுக்கு மெலிந்தால் மஞ்சள் முகமூடி தானாக விழும். அதில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்குத்தான். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். அந்தச் சரிவைத்தான் பயணிகள் "பிளேன் விழுந்துச்சு" என்று டிவிக்காரர்களிடம் சொல்வார்கள். விழவில்லை, இறக்கினார்கள். சென்னை ஏடிஆரில் 25,000 அடிக்கு மேல் ஏறுவதே இல்லை என்பதால் பலவற்றில் அந்த விழுகிற முகமூடி ஏற்பாடே இருக்காது. "அதான் அன்னைக்கு டெமோல காட்டலையா! திட்டிக்கிட்டே வந்தேன்" என்றான்.

லீவு முடிந்து கிளம்பிய அன்று மதுரை ஏர்போர்ட்டில் படிக்கட்டு வழியாகத்தான் ஏறியிருக்கிறான். சிங்கப்பூர் இறங்கியதும் போன் வந்தது.

"சித்தப்பா, பின்வாசல் பக்கமா ஏறுனேன். அடியில திறந்து கிடந்துச்சு, நீங்க சொன்ன மடை. தரையில முழுசா திறந்துதான் வச்சிருப்பாங்களா?"

"ஆமாய்யா. உள்ளயும் வெளியயும் ஒண்ணா இருந்தாத்தானே கதவைத் திறக்க முடியும்."

"பெருச்சாளியே புகுந்துரும் போல இருக்கு. இம்புட்டுப் பெரிய ஓட்டைய வச்சுக்கிட்டா இத்தனை வருசமா பறந்துக்கிட்டு இருக்கேன்?"